வாரம் ஒரு மணி நேரம்: உங்கள் ஊரில் போருக்கு எதிராக நிற்பது எப்படி?

2003 பிப்ரவரி 15, சனிக்கிழமை. ஈராக் மீது போர் வேண்டாம் என்று உலகின் பல நூறு நகரங்களில் மக்கள் ஒரே நாளில் தெருவுக்கு வந்தார்கள். லண்டனில் கூட்டம் பத்து லட்சத்தைத் தொட்டது. ரோமில் முப்பது லட்சம் என்று கின்னஸ் பதிவு செய்தது. ஐந்து வாரம்கூட ஆகவில்லை, மார்ச் 20 அன்று குண்டு விழத் தொடங்கிவிட்டது. அந்தப் பேரணிகள் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அடுத்த சனிக்கிழமை எங்கே போவது, என்ன செய்வது என்று ஒரு திட்டமும் இல்லை. வாஷிங்டனும் லண்டனும் அதைச் சரியாகவே கணக்குப் போட்டிருந்தன.

இன்னொரு பக்கம் பாருங்கள். 1988 ஜனவரியில் ஜெருசலேமில் சில யூதப் பெண்கள் கறுப்பு உடை உடுத்தி, 'ஆக்கிரமிப்பை நிறுத்து' என்று எழுதிய கை வடிவப் பலகைகளோடு ஒரு நாற்சந்தியில் நின்றார்கள். வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணி முதல் இரண்டு வரை. அடுத்த வெள்ளியும் வந்தார்கள். அதற்கடுத்த வெள்ளியும். 'கறுப்பு உடைப் பெண்கள்' என்ற அந்த வடிவம் செர்பியாவின் பெல்கிரேடுக்குப் போனது, பிறகு பல நாடுகளுக்கும். பாலஸ்தீனப் பகுதிகளில் இஸ்ரேலின் ஆக்கிரமிப்பு முடிந்துவிட்டதா என்றால், இல்லை. ஆனால் அந்த நகரத்தில் எல்லோரும் அதற்குச் சம்மதித்துவிட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாதபடி செய்தார்கள்.

இந்த வழிகாட்டி இரண்டாவது வகைக்கானது. பத்துப் பேர், ஒரு நடைபாதை, வாரம் ஒரு மணி நேரம். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் தமிழ்நாட்டை மனதில் வைத்து. வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சில வரிகள் பின்னால் உண்டு.

படி 1: என்ன கேட்கிறோம், யாரிடம் கேட்கிறோம்

'போர் வேண்டாம்', 'அமைதி வேண்டும்' என்று எழுதிய பலகையைப் பார்த்து எந்த அமைச்சரும் மறுப்புச் சொல்ல மாட்டார். ஆயுதம் விற்பவரும் அதைத்தான் சொல்வார். கோரிக்கையில் யாராவது ஒருவர் செய்யக்கூடிய, செய்யாமல் தவிர்க்கக்கூடிய ஒரு காரியம் இருக்க வேண்டும்.

நம் நாட்டிலேயே இதற்கு அருமையான முன்மாதிரி உண்டு, ஏனோ அதிகம் பேசப்படுவதில்லை. 1940-ல் காந்தி நடத்திய தனிநபர் சத்தியாகிரகம் முழுக்க முழுக்கப் போர் எதிர்ப்புப் போராட்டம். அக்டோபர் 17 அன்று பவுனாரில் வினோபா பாவே முதல் ஆளாகப் பேசினார். ஒவ்வொரு சத்தியாகிரகியும் சொல்ல வேண்டியது ஏறக்குறைய இவ்வளவுதான்: ஆங்கிலேயரின் போருக்கு ஆளாலோ பணத்தாலோ உதவுவது தவறு, எல்லாப் போரையும் அகிம்சையால் எதிர்ப்பதே சரி. ஆள், பணம் இரண்டும் கேட்பவனுக்குத் தர மறுக்கக்கூடியவை. காமராஜர் கைதானதும் இதில்தான். போர் நிதிக்குப் பணம் தராதீர்கள் என்று பேசிவந்தவர், சத்தியாகிரகிகள் பட்டியலோடு வார்தாவுக்குப் போகும் வழியில் குண்டூரில் பிடிபட்டு வேலூர் சிறைக்குப் போனார்.

இன்றைக்கு அதற்கு இணையானது என்ன? காசாவை எடுத்துக்கொள்வோம். ஐ.நா. பொதுச்சபையில் போர் நிறுத்தத் தீர்மானம் வந்தபோது, 2023 டிசம்பர் 12 அன்று இந்தியா ஆதரித்து வாக்களித்தது. 2025 ஜூன் 12 அன்று வந்த தீர்மானத்தில் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. ஆக, 'அடுத்த வாக்கெடுப்பில் இந்தியா ஒதுங்கக் கூடாது, எங்கள் எம்.பி. இதை நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும்' என்பது தெளிவான கோரிக்கை. எம்.பி.க்கு உள்ளூரில் அலுவலகம் உண்டு. அவர் கேட்டாரா இல்லையா என்று ஆறு மாதம் கழித்துச் சரிபார்க்கலாம். உக்ரைன், சூடான், மியான்மர் என்று எந்தப் போரை எடுத்தாலும் உங்கள் ஊரிலிருந்து ஒரு நூல் எங்கேயாவது போய்ச் சேரும். அந்த நூலைக் கண்டுபிடிக்கும்வரை பலகை எழுத உட்காராதீர்கள்.

கோரிக்கையை ஒரே வாக்கியத்தில் எழுதி, சம்பந்தமில்லாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். 'அப்படின்னா?' என்று கேட்டால் திருப்பி எழுதுங்கள்.

படி 2: முதல் ஐந்து பேர்

வாட்ஸ்அப் குழு முதலில் வேண்டாம். இருநூறு பேர் சேர்வார்கள், நூற்றைம்பது பேர் கைகூப்பும் படம் போடுவார்கள், வெள்ளிக்கிழமை மூன்று பேர் வருவார்கள். நேரில் பேசி ஐந்து பேரைப் பிடியுங்கள். அடுத்த மூன்று மாதம் வாரந்தோறும் வருவேன் என்று வாய்விட்டுச் சொல்பவர்கள். ஐவரும் ஒரே மதம், ஒரே சாதி, ஒரே கல்லூரி நண்பர்கள் என்றால் ஆறாவது ஆளைத் தேடுங்கள். காசா பற்றிப் பேச முஸ்லிம்கள் மட்டும், ஈழம் பற்றிப் பேச தமிழ்த் தேசியவாதிகள் மட்டும் என்று நின்றால் பார்ப்பவர் 'அது அவங்க பிரச்சினை' என்று கடந்துவிடுவார்.

லைபீரியாவில் 2003-ல் உள்நாட்டுப் போரை நிறுத்த லேமா போவீயும் தோழிகளும் செய்த முக்கியமான வேலையே இதுதான். கிறிஸ்தவப் பெண்களையும் முஸ்லிம் பெண்களையும் ஒரே வெள்ளைச் சட்டையில் மன்ரோவியாவின் மீன் சந்தையை ஒட்டிய திடலில் உட்கார வைத்தார்கள். அதிபர் சார்லஸ் டெய்லரின் வாகனங்கள் தினமும் கடந்துபோகும் சாலை அது. வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தார்கள். கானாவின் அக்ராவில் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனபோது அங்கும் போய், மண்டபத்தை விட்டு யாரும் வெளியே வர முடியாதபடி கைகோத்து அமர்ந்தார்கள். ஆகஸ்ட் 11-ல் டெய்லர் நாட்டை விட்டு வெளியேறினார், 18-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. வேறு அழுத்தங்களும் இருந்தன, மறுக்கவில்லை. ஆனாலும் அந்தப் பெண்கள் இல்லாமல் அது அந்த வேகத்தில் நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அப்புறம், கட்சிகள். தமிழ்நாட்டில் இதைத் தவிர்த்து எதுவும் பேச முடியாது. கட்சிக்காரர்கள் வரட்டும், நல்லதுதான், அவர்களுக்குக் கூட்டம் நடத்தத் தெரியும். ஆனால் கொடி, கரைவேட்டி, துண்டு, தலைவர் படம் இல்லாமல் வரட்டும். இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒரு கொடிக்கு விலக்குக் கொடுத்தால் அடுத்த வாரம் நான்கு கொடி வரும், யார் கொடி முன்னால் என்பதில் சண்டையும் வரும். 2009-ல் லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் தமிழர்கள் 73 நாள் நின்றார்கள். அத்தனை பேர் இரவு பகலாக நின்றும், ஊடகங்களில் வன்னியில் விழும் குண்டுகளைவிட கையிலிருந்த கொடி எது என்ற விவாதமே பல நேரம் முந்திக்கொண்டது. அந்தக் கொடி சரியா தவறா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. கவனம் எங்கே போனது என்பதை மட்டும் சொல்கிறேன்.

பணம் அதிகம் தேவைப்படாது. துணி, பெயின்ட், தண்ணீர், நகல் எடுக்கும் செலவு. ஐந்து பேரும் பகிர்ந்துகொள்ளுங்கள், கணக்கு எழுதி வையுங்கள். தெருவில் உண்டியல் குலுக்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து உறவினர் அன்பாக அனுப்பினாலும் இந்த வேலைக்கு வாங்க வேண்டாம். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் பொல்லாதது. அதைவிட, 'உங்களுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்?' என்ற கேள்விக்கு நோட்டுப்புத்தகத்தைக் காட்ட முடிவது பெரிய பலம்.

படி 3: இடமும் நேரமும்

இடத்தை ஒருமுறை முடிவு செய்தால் மாற்றக் கூடாது. பேருந்து நிலையத்துக்கு எதிர் நடைபாதை, காந்தி சிலை, தலைமைத் தபால் நிலையம் என்று மக்கள் நடந்தே கடக்கும் இடமாகப் பாருங்கள். வாகனங்கள் மட்டும் பறக்கும் புறவழிச்சாலையில் நிற்பதில் பலனில்லை. நீங்கள் நின்ற பிறகும் சக்கர நாற்காலியோ குழந்தைத் தள்ளுவண்டியோ போக இடம் மிச்சம் இருக்க வேண்டும். கோவில், பள்ளிவாசல், தேவாலய வாசல்களைத் தவிருங்கள். நிழல் உண்டா, பெண்களுக்கு அருகில் கழிப்பறை உண்டா என்று முன்கூட்டியே நடந்து பாருங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும். பெண்கள் இரண்டாவது வாரம் வராமல் போவதற்கு இதுவே காரணமாக இருக்கும், வெளியே சொல்ல மாட்டார்கள்.

அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களிடம் முன்கூட்டியே போய்ச் சொல்லுங்கள், அவர்கள் வாசலை மறைக்காதீர்கள். டீக்கடைக்காரர் ஆதரவாக இருந்தாலும் அவரை மேடையேற்ற வேண்டாம், அவர் தினமும் அங்கே பிழைக்க வேண்டியவர். 1930-ல் வேதாரண்யத்துக்கு ராஜாஜி உப்பெடுக்கப் போனபோது, தொண்டர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் சிறை என்று தஞ்சை ஆட்சியர் தோர்ன் மிரட்டினார். வழியோரக் கிராமத்தார் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். ஆதரவாளர்கள் தங்களுக்குத் தோதான விதத்தில் உதவட்டும்.

கிளிநொச்சி கந்தசாமி கோவிலருகே 2017 பிப்ரவரி 20 அன்று காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்கள் உட்காரத் தொடங்கின. பின் வவுனியா, முல்லைத்தீவு என்று பரவியது. ஆண்டுகள் ஓடின, பிள்ளையைத் தேடிய பெற்றோர் பலர் அந்தக் காத்திருப்பிலேயே இறந்தும் போனார்கள். வெளிநாட்டுத் தூதரோ ஐ.நா. அதிகாரியோ வடக்குக்கு வந்தால் அவர்கள் எங்கே இருப்பார்கள் என்று விசாரிக்கத் தேவையில்லாமல் போனது. மாறாத இடத்தின் பயன் அது.

தொடங்க நல்ல நாட்கள் சில உண்டு. ஆகஸ்ட் 6, ஹிரோஷிமா நாள், காலை 8.15. ஜனவரி 30, காந்தி கொல்லப்பட்ட நாள், காலை 11 மணிக்கு அரசு அலுவலகங்களே இரண்டு நிமிடம் மௌனம் காக்கும். செப்டம்பர் 21, ஐ.நா. அறிவித்த உலக அமைதி நாள். இவை தொடக்கத்துக்கு மட்டும். வாராந்திரத்துக்கு வேலை முடிந்து மக்கள் திரும்பும் மாலை 5.30 முதல் 6.30 வரை பொருத்தமாக இருக்கும்.

படி 4: காவல்துறை

அரசியலமைப்பின் 19(1)(ஆ) ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைத் தருகிறது. பொது ஒழுங்கு, நாட்டின் இறையாண்மை ஆகியவற்றுக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்று 19(3) சொல்கிறது. நடைமுறையில் சென்னையில் 1888-ஆம் ஆண்டு மாநகரக் காவல் சட்டத்தின் 41-ஆவது பிரிவும், மாவட்டங்களில் 1861-ஆம் ஆண்டு காவல் சட்டத்தின் 30(2) பிரிவும்தான் உங்களை எதிர்கொள்ளும். இவற்றின்கீழ் போடும் தடை உத்தரவுகளைத் திரும்பத் திரும்ப நீட்டித்துக்கொண்டே போவது இங்கே வழக்கம். எனவே 'பத்துப் பேர்தானே, எதற்கு அனுமதி' என்று நிற்காதீர்கள்.

குறைந்தது ஒரு வாரம் முன்பே காவல் ஆய்வாளருக்குக் கடிதம் கொடுங்கள், நகல் துணைக் கண்காணிப்பாளருக்கும். இப்படி எழுதலாம்:

'ஐயா, வரும் வெள்ளிக்கிழமை முதல் ஒவ்வொரு வெள்ளியும் மாலை 5.30 முதல் 6.30 வரை, பேருந்து நிலையத்துக்கு எதிரேயுள்ள நடைபாதையில் சுமார் 15 பேர் பதாகைகளுடன் மௌனமாக நிற்க இருக்கிறோம். ஒலிபெருக்கி, முழக்கம், ஊர்வலம், கொடி எதுவும் இருக்காது. போக்குவரத்துக்கும் நடந்து செல்வோருக்கும் இடையூறு செய்ய மாட்டோம். பதாகைகளில் இடம்பெறும் வாசகங்களை இணைத்துள்ளோம். பொறுப்பாளர்கள் இருவரின் பெயர், முகவரி, கைபேசி எண் கீழே உள்ளன. அனுமதியும் பாதுகாப்பும் அளிக்க வேண்டுகிறோம்.'

நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நிலையத்தை விட்டு வராதீர்கள். வாங்க மறுத்தால் விரைவு அஞ்சலில் (ஸ்பீட் போஸ்ட்) ஒப்புகையோடு அனுப்புங்கள். இன்ஸ்பெக்டர் வாய்மொழியாக 'வேண்டாம்ப்பா, பிரச்சினையாயிடும்' என்பார். 'சரிங்க சார், அதை எழுத்துல கொடுத்துடுங்க' என்று சிரித்தபடி கேளுங்கள். எழுதித் தரும்போது காரணம் சொல்ல வேண்டும், காரணம் இருந்தால் உயர் நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம். தமிழ்நாட்டில் இப்படி நீதிமன்றம் போய் நிபந்தனைகளோடு அனுமதி வாங்கியவர்கள் ஏராளம். பொது இடத்தில் கூடுவதை அரசு ஒழுங்குபடுத்தலாமே தவிர ஒட்டுமொத்தமாக மூடிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1972-லேயே ஹிம்மத்லால் ஷா வழக்கில் சொல்லிவிட்டது. அதே நீதிமன்றம் 2020-ல், டெல்லி ஷாஹீன் பாக் சாலைப் போராட்டம் தொடர்பான வழக்கில், பொதுச் சாலையைக் காலவரையின்றி மறித்து உட்கார உரிமையில்லை என்றும் சொன்னது. ஒரு மணி நேரம் நடைபாதையில் நின்று கலைவது இந்த இரண்டுக்கும் நடுவில் வசதியாகப் பொருந்துகிறது.

இப்படித் தகவல் கொடுப்பது பணிந்துபோவது ஆகாதா என்று இளைஞர்கள் கேட்பார்கள். தனிநபர் சத்தியாகிரகிகள் தாங்கள் எந்த நாளில், எங்கே, எத்தனை மணிக்குப் பேசப் போகிறோம் என்று மாவட்ட ஆட்சியருக்கு முன்கூட்டியே எழுதினார்கள். மறைக்க எதுவும் இல்லாதவர்களிடம் உளவுத்துறைக்கு அதிக வேலை இருக்காது. உங்கள் கூட்டத்துக்கு ஒருவர் மஃப்டியில் வரத்தான் செய்வார். அவருக்கும் ஒரு துண்டறிக்கை கொடுங்கள்.

தடை வந்தாலும் வடிவத்தை மாற்றித் தொடரலாம். அர்ஜென்டினாவில் 1977 ஏப்ரல் 30 அன்று காணாமல்போன பிள்ளைகளைத் தேடி 14 தாய்மார்கள் மே சதுக்கத்தில் கூடியபோது, கூட்டமாக நிற்கக் கூடாது, நடங்கள் என்றது காவல்துறை. இரண்டிரண்டு பேராக நடந்தார்கள், சதுக்கத்தின் நினைவுத்தூணைச் சுற்றிச் சுற்றி. வியாழன் மாலை மூன்றரை மணி நடை என்பது அந்த உத்தரவிலிருந்து பிறந்தது. அதே தாய்மார்களிடம் தன்னைக் காணாமல்போனவரின் சகோதரன் என்று சொல்லி ஒரு கடற்படை அதிகாரி சேர்ந்துகொண்டதும், அந்த டிசம்பரில் நிறுவனர்கள் மூவர் உட்பட 12 பேர் கடத்திக் கொல்லப்பட்டதும் நடந்தது. ராணுவ ஆட்சியில் வெளிப்படைத்தன்மைக்கு விலை வேறு. நம் நிலைமை அதுவல்ல, ஆனாலும் யாருடைய வீட்டு முகவரி, யார் எந்த நேரம் தனியாக இருப்பார் என்பதெல்லாம் குழுவில் பேசத் தேவையில்லாதவை.

படி 5: பலகையும் துண்டறிக்கையும்

துணியில் எழுதுங்கள். சாலையோர ஃபிளெக்ஸ் பேனர் நீதிமன்ற உத்தரவுகளுக்குப் பிறகு வம்பு, மறுசுழற்சியும் ஆகாது. எழுத்து ஒரு சாண் உயரம் இருந்தால் எதிர்ப்பக்கப் பேருந்தில் இருப்பவரும் படிப்பார். ஒரு பலகைக்கு ஐந்து சொல் போதும்.

இறந்த குழந்தைகளின் படங்களை வைக்காதீர்கள். பார்ப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தவிர, அந்தப் படம் வேறு போரில், வேறு ஆண்டில் எடுத்தது என்று தெரியவந்தால் உங்கள் உண்மை எல்லாம் அன்றோடு போச்சு. இணையத்தில் சுற்றும் போர்ப்படங்களில் இது அடிக்கடி நடக்கிறது. துண்டறிக்கையில் எண்ணிக்கை போட்டால் யார் சொன்னது, எந்தத் தேதி நிலவரம் என்று அதே வரியில் எழுதுங்கள்.

கொடும்பாவி எரிப்பது நம் ஊர் வழக்கம். செய்யாதீர்கள். அடுத்த நாள் பேப்பரில் தீயின் படம்தான் வரும், கோரிக்கை வராது. வேற்று நாட்டுக் கொடியை மிதிப்பதும் அப்படித்தான். இரண்டு தரப்பும் சாமானியரைக் கொன்றிருந்தால் இரண்டையும் சொல்லுங்கள். ஒரு தரப்பு பத்து மடங்கு கொன்றிருந்தால் அதையும் மழுப்பாமல் சொல்லுங்கள்.

படி 6: திட்டு வாங்கப் பயிற்சி

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிப்பார்கள். என் கணிப்பில் இதுவே முக்கியம்.

ஜேம்ஸ் லாசன் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பாதிரியார், கொரியப் போருக்குப் போக மறுத்துச் சிறையில் இருந்தவர். பிறகு நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரியில் மூன்றாண்டு பணியாற்றி, காந்தியின் முறைகளைக் கற்றுத் திரும்பினார். 1959-ல் நாஷ்வில் நகரத் தேவாலயத்தின் கீழ்த்தள அறையில் மாணவர்களுக்குப் பட்டறை நடத்தினார். பாதிப் பேர் நாற்காலியில் உட்கார, மீதிப் பேர் வெள்ளை ரவுடிகளாக நடித்து அவர்களைத் திட்டி, தள்ளி, முகத்தில் புகை ஊதுவார்கள். பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். 1960 பிப்ரவரி 13 அன்று, கறுப்பினத்தவருக்கு இடம் தராத கடைகளின் உணவு மேசைகளில் போய் அமரத் தொடங்கினார்கள், 27 அன்று நிஜமாகவே அடி விழுந்தது. அவர்கள் கையிலிருந்த அறிவுரைச் சீட்டு, திருப்பி அடிக்காதே, திட்டினாலும் திட்டாதே, நிமிர்ந்து உட்கார், மேசையைப் பார்த்தே இரு என்று சொன்னது. மே 10-ல் நாஷ்வில் கடைகள் அந்த மேசைகளைக் கறுப்பினத்தவருக்கும் திறந்தன.

உங்கள் வீட்டு மாடியில் ஒரு ஞாயிறு இதைச் செய்யுங்கள். ஒருவர் பலகையோடு நிற்க, மற்றவர்கள் மாறி மாறிக் கத்துங்கள். உங்கள் தெருவில் விழக்கூடிய சொற்களாகவே இருக்கட்டும். 'தேசத்துரோகி.' 'பாகிஸ்தானுக்குப் போ.' 'எவ்வளவு வாங்கினே?' 'நம்ம ஊர்ல தண்ணி வரல, இவங்க உக்ரைனுக்கு நிக்கிறாங்க.' முதல் முறை பெரும்பாலோர் சிரித்துவிடுவார்கள், இல்லை பதில் சொல்லிவிடுவார்கள். இரண்டுமே தெருவில் ஆபத்து, சிரிப்பு ஏளனமாகத் தெரியும். கையை எங்கே வைப்பது, கண்ணை எங்கே வைப்பது, மூச்சை எப்படி விடுவது என்பதெல்லாம் உடம்புக்குப் பழக வேண்டியவை. ஒருவர் பலகையைப் பிடுங்கினால் விட்டுவிடுங்கள். இழுபறி என்றால் கைபேசியில் அது கைகலப்பாகத்தான் பதிவாகும். அடி விழும் நிலை வந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் தரையில் உட்காருங்கள். கூட்டத்துக்கு அப்போது எதிரி இல்லாமல் போகிறது. அதற்கும் சரிப்படாவிட்டால் பொறுப்பாளரின் ஒரு சைகையில் அமைதியாகக் கலைந்துவிடுங்கள். ஒரு நாள் பின்வாங்குவதில் வெட்கமில்லை.

தண்ணீர்க் கேள்வியை அவமானமாக எடுக்காதீர்கள், அது நியாயமான கேள்வி. உங்களில் இருவராவது வார்டு தண்ணீர்ப் பிரச்சினைக்கும் மனு கொடுத்தவர்களாக இருந்தால் பதில் தானாக அமைந்துவிடும்.

இன்னொருவர் வருவார். குரலை உயர்த்த மாட்டார். 'என் மகன் எல்லையில நிக்கிறான். நீங்க இங்க நின்னு என்ன சொல்ல வர்றீங்க?' என்பார். தமிழ்நாட்டில் இது கற்பனையில்லை. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டைபோல, வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருந்தவர் என்று பெயரெடுத்த ஊர்களே உண்டு. இவரிடம் வாதம் செய்யாதீர்கள். மகன் பெயர் என்ன, எந்தப் படைப்பிரிவு, கடைசியாக எப்போது விடுப்பில் வந்தார் என்று கேளுங்கள், மெய்யாகவே கேளுங்கள். உங்கள் பலகை சிப்பாயைப் பழிக்கவில்லை என்பதை அவர் தானே கண்டுகொள்ள வேண்டும். இதற்காகவே சிப்பாய்களைக் கொலைகாரர் என்று ஏசும் வாசகத்தைப் பலகையில் ஏற்றாதீர்கள்.

தூரத்துப் போருக்கு எதிராக நிற்பது சுலபம். நம் நாடே சண்டையில் இருக்கும் வாரத்தில் நிற்பதுதான் கஷ்டம். பெல்கிரேடில் 1991 அக்டோபர் 9 முதல் புதன்தோறும் கறுப்பு உடையில் நின்ற பெண்கள் தங்கள் அரசின் போருக்கு எதிராகவே நின்றார்கள். துப்பு, வசவு, துரோகிப் பட்டம் எல்லாம் சொந்தத் தெருக்காரர்களிடமிருந்தே கிடைத்தன. அப்படியொரு வாரம் வந்தால் நிற்பதா, உள்ளரங்கில் கூடுவதா, என்ன வாசகம் என்று குழு முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். அந்த வாரத்தில் உட்கார்ந்து பேசினால் பயமும் கோபமும்தான் முடிவெடுக்கும்.

படி 7: அந்த ஒரு மணி நேரம்

ஐந்தரை என்றால் ஐந்தரை. ஆறரைக்குக் கலைய வேண்டும், கூட்டம் நன்றாகச் சேர்ந்திருந்தாலும்.

வேலைகளைப் பிரியுங்கள். ஒருவர் காவல்துறையிடம் மட்டும் பேசுவார். ஒருவர், பலகை பிடிக்காமல் இரண்டடி தள்ளி நின்று, நின்று கேட்பவர்களிடம் மட்டும் பேசுவார். ஒருவர் படம் எடுப்பார், கூட நிற்பவர்களின் சம்மதம் இல்லாமல் முகத்தை வெளியிட மாட்டார். ஒருவர் எதுவும் செய்யாமல் ஓரமாக நின்று கூட்டத்தின் போக்கைக் கவனிப்பார். இந்த நாலாவது ஆள் வீண் என்று தோன்றும், தள்ளுமுள்ளு வருவதை முதலில் பார்ப்பவர் அவர்தான். மற்ற எல்லோரும் மௌனம். பத்திரிகையாளர் கேட்டாலும் பேசுபவரைக் கைகாட்டினால் போதும். தண்ணீர், முதலுதவிப் பெட்டி, வழக்கறிஞர் எண் எழுதிய துண்டுச்சீட்டு கையில் இருக்கட்டும். கைபேசி பறிபோகலாம், அதனால் சீட்டு.

படி 8: பிடித்துக்கொண்டு போனால்

தமிழ்நாட்டுப் பாணி தெரிந்ததுதான். வேனில் ஏற்றி, ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்து, பெயர் முகவரி எழுதி, சாயங்காலம் விட்டுவிடுவார்கள். ஏறும்போது திமிறாதீர்கள். யார் யார் ஏறினார்கள் என்று வெளியே இருக்கும் ஒருவர் எழுதி வைக்கட்டும்.

முறைப்படி கைது என்றால் சில விஷயங்கள் உங்கள் பக்கம் இருக்கின்றன. காரணத்தைச் சொல்ல வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். அபூர்வமான சூழல் தவிர, சூரியன் மறைந்த பிறகு பெண்களைக் கைது செய்யக் கூடாது. பழைய 144 தடை உத்தரவு இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 163-ஆவது பிரிவு. அது அமலில் இருக்கும் நாளில் நிற்பது தெரிந்தே செய்யும் சட்டமறுப்பு. அதற்கு ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சம்மதித்திருக்க வேண்டும். இலவச சட்ட உதவிக்கு 15100 எண் உண்டு.

எல்லோருக்கும் ஆபத்து ஒன்றல்ல. அரசு ஊழியர்களுக்கு நடத்தை விதிகள், மாணவருக்குக் கல்லூரி நிர்வாகம், பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருப்பவருக்குக் காவல் சரிபார்ப்பு. முகாமில் வாழும் ஈழ அகதிகளையோ விசாவில் இருக்கும் வெளிநாட்டு மாணவரையோ தெருவுக்கு அழைக்காதீர்கள், அவர்களாகவே வந்தாலும் விளைவை எடுத்துச் சொல்லுங்கள். துணி எழுத, மொழிபெயர்க்க, கணக்குப் பார்க்க என்று பின்னால் நிறைய வேலை இருக்கிறது.

வெளிநாட்டுத் தமிழர்களுக்கு: பிரிட்டனில் ஊர்வலத்துக்குப் பொதுவாக ஆறு நாள் முன்னறிவிப்பு தேவை, ஓரிடத்தில் நிற்பதற்கு இல்லை. சிங்கப்பூரில் ஒரே ஒருவர் நின்றாலும் அனுமதி வேண்டும், ஹாங் லிம் பூங்காவின் பேச்சாளர் சதுக்கம் குடிமக்களுக்கு விதிவிலக்கு. வளைகுடா நாடுகளில் முயலவே வேண்டாம். டொரோண்டோவில் 2009 மே 10 இரவு கார்டினர் விரைவுச்சாலையை மறித்தது உலகச் செய்தியானது. அதன் கோபம் எங்கிருந்து வந்தது என்று முள்ளிவாய்க்காலின் கடைசி நாட்களை அறிந்தவருக்கு விளக்க வேண்டாம். ஆனால் சாலை மறியலை எப்போதாவது ஒருமுறை எடுக்கலாமே தவிர வாரந்தோறும் எடுக்க முடியாது.

படி 9: நான்காவது வாரத்துக்குப் பிறகு

முதல் வாரம் இருபது பேர், நான்காவது வாரம் ஆறு பேர். இது வழக்கம், பதறாதீர்கள். மூன்று பேருக்குக் குறைந்தால் மட்டும் யோசிக்கலாம்.

நடைபாதை நிற்பு ஒரு அச்சு, மற்ற வேலைகளை அதைச் சுற்றி அமையுங்கள். மாதம் ஒருமுறை எம்.பி. அலுவலகத்துக்கு இருவர் போய்க் கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்குவது. நகர்மன்றக் கவுன்சிலரிடம் தீர்மானத்துக்குப் பேசுவது. பள்ளியில் ஹிரோஷிமா நாளுக்குக் காகிதக் கொக்கு மடிப்பது. உள்ளூர் நிருபருக்குச் செய்தி கொடுக்கும்போது ஒவ்வொரு வாரமும் 'போராட்டம் நடந்தது' என்று எழுதாமல், இந்த வாரம் புதிதாக யார் வந்தார்கள், எம்.பி. என்ன பதில் சொன்னார் என்று எழுதுங்கள்.

பெரிய நாள் ஒன்றும் வருடத்தில் இருக்கலாம். இங்கிலாந்தில் கிரீன்ஹாம் காமன் விமானத்தளத்துக்கு அமெரிக்க ஏவுகணைகள் வருவதை எதிர்த்து 1981 செப்டம்பரில் கார்டிஃபிலிருந்து நடந்துவந்த சிறு கூட்டம் வாசலிலேயே கூடாரம் போட்டது. அடுத்த ஆண்டு டிசம்பர் 12 அன்று சுமார் 30,000 பெண்கள் கைகோத்து 14 கிலோமீட்டர் வேலியைச் சுற்றி நின்றார்கள். சங்கிலிக் கடிதங்களால் வந்தவர்கள் அவர்கள், செல்பேசி இல்லாத காலம். முகாம் ஓராண்டாக அங்கேயே இருந்ததால்தான் அவர்களுக்கு வந்துசேர ஓர் இடம் இருந்தது. ஏவுகணைகள் 1991-க்குள் போய்விட்டன, 1987-ல் அமெரிக்காவும் சோவியத்தும் போட்ட ஒப்பந்தத்தின்படி. கூடாரத்தில் சிலர் 2000 வரை இருந்தார்கள்.

ஒவ்வொரு வாரமும் கலைந்த பிறகு பத்து நிமிடம் டீ குடித்தபடி பேசுங்கள். எத்தனை பேர் நின்று படித்தார்கள், யார் திட்டினார்கள், எந்தப் பலகை புரியவில்லை என்று ஒருவர் நோட்டில் எழுதட்டும். மூன்று மாதம் முடிந்ததும் தொடர்வதா என்று கைதூக்கி முடிவெடுங்கள். போர்நிறுத்தம் வந்துவிட்டால் உடனே கலைய வேண்டாம், இரண்டு மாதம் பாருங்கள், பல போர்நிறுத்தங்கள் அதற்குள் உடைகின்றன. நிறுத்துவது என்று முடிவானால் கடைசி நாளை முன்கூட்டியே அறிவியுங்கள். காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம், அக்கம்பக்கக் கடைக்காரர்களுக்கு நன்றி, மிச்சப் பணத்தின் கணக்கு. துணிகளைத் துவைத்து மடித்து ஒருவர் வீட்டில் வையுங்கள், நோட்டுப்புத்தகத்தையும் அதோடு.